நீங்கள் வராத அன்று யார் தேடுவார்கள்? டிரினிட்டி கல்லூரியில் சங்கம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு

வாரத்துக்கு இரண்டு மாலை. டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்கு ஓராண்டு முதுகலை படிக்க வருபவர் கணக்குப் போட்டுப் பார்த்தால் கையில் நிற்பது அவ்வளவுதான். பகலில் வகுப்பும் நூலகமும். நம் ஊரிலிருந்து மாணவர் விசாவில் வருபவர்கள் வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். டப்ளின் வாடகையை ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தபின் அந்த 20 மணி நேரத்தை விட்டுவைப்பவர்கள் குறைவு. பிறகு சமையல், துணி, ஊருக்குப் போன், பேருந்துக்குக் காத்திருப்பது. எல்லாம் போக மீந்த அந்த இரண்டு மாலைகளை எந்தச் சங்கத்துக்குக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான்காண்டு இளங்கலைக்கு வருபவர்களுக்கு மூச்சுவிட இடம் அதிகம். ஆனாலும் முதல் வருடம் அவர்கள் தடுமாறுவதும் இதே இடத்தில்தான்.

செப்டம்பரில் புதியவர்களை வரவேற்கும் ஃப்ரெஷர்ஸ் வாரம் வரும். முன்வாசல் வளைவைத் தாண்டி உள்ளே நுழைந்தால் கல் பாவிய ஃப்ரண்ட் ஸ்கொயர் முழுக்க ஸ்டால்கள். 100க்கும் மேற்பட்ட சங்கங்கள், 50 போல விளையாட்டு கிளப்புகள். ஒவ்வொரு ஸ்டாலிலும் சிரித்த முகத்தோடு இருவர் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். பெரும்பாலான சங்கங்களுக்குச் சந்தா ஒருசில யூரோதான். அதனால் யோசிக்கவே தோன்றாது. நான் ஒரே மதியத்தில் ஒன்பது சங்கங்களில் பெயர் கொடுத்தேன். நவம்பர் முடிவதற்குள் ஒன்பதில் எதற்கும் போகாதவர் ஆகிவிட்டேன்.

இடத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்களைக் குழப்புவது அதுதான். ‘சொசைட்டி’ என்றால் விவாதம், நாடகம், இசை, மொழி, தொண்டு இவை. அவற்றுக்கு மேலே 1969இல் உருவான மத்திய சங்கக் குழு இருக்கிறது. ‘கிளப்’ என்றால் விளையாட்டு. அவற்றுக்கு 1919இல் தொடங்கிய மத்திய தடகளக் கழகம். இரண்டுக்கும் பணம் மாணவர்களின் கட்டணத்திலிருந்து பிரித்துத் தரப்படுகிறது. ஆக, சந்தா கட்டுவதற்கு முன்பே உங்கள் பணம் கொஞ்சம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பல பெயர்களின் முன்னால் ‘டியூ’ என்ற இரண்டெழுத்து வரும். டப்ளின் பல்கலைக்கழகம் என்பதன் சுருக்கம். 1592இல் முதலாம் எலிசபெத் கொடுத்த சாசனத்தில் பிறந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இன்றுவரை டிரினிட்டி என்ற ஒரே கல்லூரிதான். இரண்டும் வேறு வேறு இடம் என்று நினைத்து முதல் வாரம் நான் வரைபடத்தில் தேடியிருக்கிறேன்.

இனி ஒப்பிடுவது எப்படி? பெயர், வயது, கட்டணம், விண்ணப்பத்தில் எழுதினால் எடுபடுமா என்பதையெல்லாம் நானும் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. உதவியது ஒரே ஒரு கேள்வி: ஒரு வாரம் நான் போகாவிட்டால் அங்கே யாராவது என்னைத் தேடுவார்களா? கீழே வரும் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் நிறுத்துப் பார்க்கிறேன். வேறு தராசு வைத்திருப்பவர்களுக்கு என் தீர்ப்பு ஒத்துவராமல் போகலாம்.

விவாத அறை: ஹிஸ்ட், ஃபில்

டிரினிட்டி என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது இந்த இரண்டு பெயர்களைத்தான். கல்லூரி வரலாற்றுச் சங்கம் சுருக்கமாக ஹிஸ்ட், பல்கலைக்கழகத் தத்துவச் சங்கம் சுருக்கமாக ஃபில். பெயரை நம்பி வரலாறு பேசவோ தத்துவம் படிக்கவோ போகாதீர்கள்; இரண்டும் விவாதச் சங்கங்கள். இரண்டும் இருப்பது ஒரே கட்டடத்தில்: 1902இல் திறந்த பட்டதாரிகள் நினைவு மண்டபம், எல்லோர் வாயிலும் ஜிஎம்பி. ஹிஸ்ட் புதன் மாலை கூடும், ஃபில் வியாழன் மாலை. ஹிஸ்டின் தலைவருக்கு ‘ஆடிட்டர்’ என்று பெயர். கணக்குத் தணிக்கையோடு அவருக்குச் சம்பந்தமில்லை.

எது மூத்தது என்று இவர்களுக்குள் ஒரு நெடுநாள் வழக்கு உண்டு. ஹிஸ்ட் தொடங்கியது 1770இல். அதன் வேர் 1747இல் மாணவராக இருந்த எட்மண்ட் பர்க் நண்பர்களோடு நடத்திய கிளப். அந்தக் கிளப்பின் குறிப்பேடு இன்னும் கல்லூரியில் இருக்கிறது. ஃபில்லோ 1683இல் வில்லியம் மாலினோ தொடங்கிய டப்ளின் தத்துவச் சங்கத்தைத் தன் பாட்டனாகச் சொல்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர், தொட்டுப் பழகிய உருண்டையையும் கனசதுரத்தையும், பார்வை வந்தபின் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிவாரா என்று தத்துவவாதி ஜான் லாக்கிடம் கேட்டவர் இந்த மாலினோதான். எதிர்த்தரப்பு, இன்றைய ஃபில் பிறந்தது 1843இல்தான் என்று வாதிடும். உங்கள் மாலையை எங்கே செலவிடுவது என்ற தேர்வில் இந்த வழக்குக்கு எந்த இடமும் இல்லை. கேட்க நன்றாக இருக்கும்.

எடை உள்ளது வேறொரு வரலாறு. ஹிஸ்ட் பேச்சுக்காகப் பிறந்தது, அந்தப் பேச்சுக்கு விலையும் கொடுத்தது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐக்கிய ஐரிஷ்காரர் இயக்கத்தின் உல்ஃப் டோன் 1785இல் அதன் ஆடிட்டர். ராபர்ட் எம்மெட் அங்கே பேசிப் பேசியே பெயர் எடுத்தவர். 1798இல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கிளேர் பிரபு கல்லூரிக்குள் விசாரணை நடத்தி 19 மாணவர்களை வெளியேற்றினார். எம்மெட் அந்த விசாரணையை ஏற்காமல் விலகிப் போனார். 1803இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அவர் நடத்திய கிளர்ச்சி தோற்று, 25 வயதில் தூக்கிலிடப்பட்டார். குற்றவாளிக் கூண்டில் நின்று அவர் ஆற்றிய உரையை அயர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1815இல் ஹிஸ்ட் கல்லூரிக்குள் கூடுவது நின்றது. உள்ளே திரும்பி வர 1843 ஆனது. நடப்பு அரசியலைப் பேசக்கூடாது என்ற கல்லூரியின் கெடுபிடி அதற்கு முன்பும் பின்பும் வெகுகாலம் தொடர்ந்தது. அந்த அறையில் உட்காரும்போது இது மனதில் வராமல் இருக்காது. எனக்கு வந்தது.

ஃபில்லின் பழைய வழக்கம் கட்டுரை வாசித்து விவாதிப்பது. ஆஸ்கர் வைல்ட் அதன் உறுப்பினர். 1895இல் லண்டன் நீதிமன்றத்தில் வைல்டைக் குறுக்கு விசாரணை செய்து வீழ்த்திய எட்வர்ட் கார்சன் ஹிஸ்டில் இருந்தவர். இருவரும் டிரினிட்டியில் ஒரே காலத்து மாணவர்கள். இரண்டு சங்கத்துக்கும் தலைவராக இருந்த பெருமை ‘டிராகுலா’ எழுதிய பிராம் ஸ்டோக்கருக்கு. அதோடு கல்லூரியின் தடகள வீரரும் கூட. டப்ளின் காஸிலில் அரசு எழுத்தர் வேலையும் பார்த்துக்கொண்டே இதெல்லாம் செய்திருக்கிறார். பகுதிநேர வேலையோடு அல்லாடும் நம் பிள்ளைகளுக்கு அவரை நினைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இந்தப் பெயர்ப் பட்டியலில் நீண்ட காலம் பெண்களே இல்லை. டிரினிட்டி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1904இல். அடுத்த ஆண்டே அவர்கள் எலிசபெத்தன் சங்கம் என்று தங்களுக்கென ஒன்றைத் தொடங்கினார்கள், ஏனென்றால் ஹிஸ்டும் ஃபில்லும் 1960களின் இறுதி வரை அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாலை 6 மணிக்குமேல் பெண்கள் வளாகத்தில் இருக்கக்கூடாது என்ற விதியும் பல பத்தாண்டு இருந்தது. கூட்டங்கள் நடப்பதோ மாலையில். எலிசபெத்தன் சங்கம் பிற்பாடு ஃபில்லோடு இணைந்தது. இன்று ஜிஎம்பியின் படிகளில் ஏறும் பெண்கள் இதைத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும் என்பது என் ஆசை.

சரி, சேரலாமா? ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அறையில் வாரந்தோறும் நடப்பது பொது விவாதம்: தலைப்பு, இருதரப்புப் பேச்சாளர்கள், சிலசமயம் பெரிய விருந்தினர், முடிவில் சபையின் வாக்கு. நம் பட்டிமன்றத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே நடுவர் கடைசியில் வந்து கதை சொல்லித் தீர்ப்புக் கொடுப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரணிக்காரர் எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்பார், அதை ஏற்பதும் உட்காரச் சொல்வதும் பேசுபவர் இஷ்டம். இந்தக் கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் போவது ஓர் அருமையான மாலை. ஆனால் நீங்கள் இல்லாவிட்டால் காலியாக இருப்பது ஒரு நாற்காலிதான்.

போட்டி விவாதம் வேறு. நான்கு அணிகள், அணிக்கு இருவர், ஆளுக்கு ஏழு நிமிடம். தலைப்பு கைக்கு வந்தபின் தயாராகக் கால் மணி நேரம். இதற்கான பயிற்சி வகுப்புகள் தனியாக நடக்கும், புதியவர்களுக்கென்றே போட்டிகளும் உண்டு. இங்கே உங்கள் ஜோடி உங்களுக்காகக் காத்திருப்பார். ஆகவே விவாதத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால் இரண்டு சங்கத்திலும் பெயர் கொடுத்துவிட்டு, எதன் பயிற்சி வகுப்பில் உங்களுக்கு ஜோடி கிடைக்கிறதோ அதில் நில்லுங்கள். ஹிஸ்டா ஃபில்லா என்று வெளியே நின்று யோசிப்பதில் ஒரு வாரத்தை இழக்காதீர்கள். ஆங்கிலம் தடுமாறும் என்ற பயம் இருப்பவர்களுக்கு: நேரக்கணக்குப் பார்ப்பதில் தொடங்குங்கள், மெதுவாக எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள். ஆறு வாரம் வாயைத் திறக்காமல் கடைசி வரிசையில் இருந்துவிட்டால் ஏழாவது வாரம் எழுந்து நிற்பது முன்னைவிடக் கடினம். நான் ஒரு சங்கத்தில், எது என்று சொல்லத் தேவையில்லை, அப்படித்தான் ஆறு வாரம் போனேன். ஏழாவது வாரம் போகவில்லை. யாருக்கும் தெரியவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இருநூறு பேர் வந்து போகும் கூட்டத்தில் பேசாத ஒருவரை யார் எண்ணுவார்கள்?

படகு

இதைப் பற்றி நான் நடுநிலையோடு எழுத முடியாது. படகு கிளப்தான் என்னைக் காப்பாற்றியது.

டப்ளின் பல்கலைக்கழகப் படகு கிளப் 1836இல் தொடங்கியது. பெண்களுக்குத் தனி கிளப் இருக்கிறது. இரண்டும் படகு விடுவது ஐலண்ட்பிரிட்ஜில், கல்லூரியிலிருந்து நான்கு கிலோமீட்டர் போல மேற்கே. லிஃபி ஆற்றின் கரையோரமாகவே சைக்கிளை மிதித்து, ஹியூஸ்டன் ரயில் நிலையத்தைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே ஒரு தடுப்பணை இருப்பதால் அதற்கு மேலே கடலின் ஏற்ற இறக்கம் எட்டாது. தண்ணீர் அமைதியாக நிற்கும். பக்கத்தில் போர் நினைவுத் தோட்டம். அதை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், புது தில்லியைக் கட்டிய அதே ஆள். முதல் நாள் அந்தத் தூண்களைப் பார்த்து எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றியதற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது.

இதுவரை துடுப்பையே தொடாதவர்களைக் கிளப்புகள் ‘நோவிஸ்’ என்று தனி அணியாகச் சேர்த்துப் பயிற்சி தருகின்றன. நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். அணியின் பெரிய படகில் துடுப்புப் போட எட்டுப் பேர், திசைபிடிக்க ஒருவர். படகின் நீளம் 17 மீட்டருக்கு மேல். ஆனால் எடை 100 கிலோகூட வராது. எட்டுப் பேரும் அதைத் தலைக்குமேல் தூக்கிப் படித்துறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். யாராவது ஒருவர் வராவிட்டால் படகு தண்ணீரில் இறங்காது. சரியாகப் படித்தீர்கள்: ஒருவர் வராவிட்டால் மற்ற எட்டுப் பேரின் காலையும் போச்சு. என் கேள்விக்கு டிரினிட்டியில் இதைவிட நேரான பதில் எங்கும் கிடைக்கவில்லை.

நான் துடுப்புப் போடவில்லை. எனக்கு அந்த உயரமும் இல்லை, தோளும் இல்லை. படகின் ஒரு முனையில் உட்கார்ந்து திசைபிடித்து, வேகம் சொல்லி, எட்டுப் பேரையும் ஒரே தாளத்தில் கட்டி இழுப்பவருக்குக் ‘காக்ஸ்’ என்று பெயர். சர்வதேச விதியில் காக்ஸின் குறைந்தபட்ச எடை 55 கிலோ. அதைவிட இலேசாக இருந்தால் படகில் எடை சேர்ப்பார்கள். அதாவது எடை குறைந்தவர்களுக்கென்றே படைக்கப்பட்ட இடம் அது. அதற்கு ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம், ஆகவே எந்தக் கிளப்பும் சிறிய உருவம் உள்ளவரை இரண்டு கையாலும் வரவேற்கும். நம் ஊர்ப் பெண்களில், ஆண்களிலும்தான், ‘விளையாட்டு நமக்கு ஆகாது’ என்று பள்ளியிலேயே முத்திரை குத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் எல்லோரும் இதைக் கேள்விப்படவேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்க மூன்று தடவை மனதுக்குள் ஒத்திகை பார்க்கும் நான், ஆற்றின் நடுவில் எட்டுப் பேரை நோக்கிக் கத்த வேண்டியிருந்தது. ஆற்றில் இலக்கணத்துக்கு நேரம் இல்லை. பாலத்தின் தூண் நெருங்கும்போது ‘நிறுத்து’ என்பதை ஒரு நொடி தள்ளிச் சொன்னால் போதும், துடுப்பு முறியும். இரண்டே வாரத்தில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

மார்ச் மாதத்தில் ஒரு காலை அலாரம் அடித்தும் எழவில்லை. முந்தின நாள் கடை வேலை பதினொன்றுக்கு முடிந்திருந்தது. ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. “எங்கே இருக்கிறாய்? எல்லோரும் படித்துறையில் நிற்கிறோம்.” பின்னால் பற்கள் தந்தியடிக்கும் சத்தத்தோடு யாரோ சிரிப்பது கேட்டது. வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது, இந்த ஊரில் ஆறு மாதத்தில் முதல்முறையாக யாரோ என்னைத் தேடுகிறார்கள் என்று நினைத்து அழுதேன். குளிர்க்காற்றில் கண்ணீர் வந்ததென்று அவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நேரம் நிறையத் தின்னும். நோவிஸ் என்றாலும் வாரத்துக்கு இரண்டு தடவையோடு நிற்காது. பெரும்பாலும் விடியற்காலை என்பதால் மாலை வேலையோடு மோதாது, தூக்கத்தோடு மோதும். கட்டணமும் உடையும் சங்கச் சந்தாவைவிடப் பல மடங்கு. பரீட்சை மாதத்தில் கிளப்பும் பாடமும் இழுத்த இழுப்பில் நான் ஒரு பாடத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வாங்கினேன். உடல்நலக் காரணத்தால் குளிரும் ஈரமும் ஆகாதவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

நாடகம், வீட்டுப்பாட கிளப், ஐரிஷ்

படகு ஒத்துவராது என்பவர்களுக்கு என் இரண்டாவது பரிந்துரை பிளேயர்ஸ், 1931இல் தொடங்கிய நாடகச் சங்கம். 1992இல் திறந்த சாமுவேல் பெக்கெட் மையத்துக்குள் அவர்களுக்குச் சொந்த அரங்கு இருக்கிறது. நாடகத்துறை மாணவராக இருக்கத் தேவையில்லை. பருவ காலத்தில் அநேகமாக வாரத்துக்கு ஒரு நாடகமாவது மேடையேறும், மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மாலையிலும். புதியவர்கள் கூடி ஒன்றைத் தாங்களே உருவாக்கி நடிக்கும் ‘கோ-ஆப்’ என்ற வழக்கமும் உண்டு. உச்சரிப்பை நினைத்துத் தயங்குபவர்கள் மேடைக்குப் பின்னால் போகலாம்: விளக்கு, ஒலி, உடை, மேடைப் பொருட்கள். விளக்குப் பலகையில் இருப்பவர் வராவிட்டால் நாடகம் இருட்டில்தான் நடக்கும். ஓராண்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு வசதி. ஒரு நாடகம் என்றால் இரண்டு மூன்று வாரம் மூழ்கிக் கிடக்க வேண்டும், திரை விழுந்ததும் விடுதலை. கட்டுரைக் கெடுவுக்கு ஏற்ப உள்ளே போய் வெளியே வரலாம். படகில் அது முடியாது.

செயின்ட் வின்சென்ட் டி பால் சங்கத்தின் டிரினிட்டிக் கிளையை எல்லோரும் விடிபி என்பார்கள். கல்லூரிக்கு அருகில் இருக்கும் பகுதிகளின் பள்ளிப் பிள்ளைகளோடு வாரம் ஒரு மதியம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வது, இரவில் தெருவில் தங்குபவர்களுக்குச் சூப்பும் சாண்ட்விச்சும் கொண்டுபோவது போன்றவை அவர்கள் வேலை. கத்தோலிக்கப் பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். மதம் கேட்டு யாரையும் நிறுத்துவதில்லை. ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று அடுத்த வாரமும் நீங்கள்தானே வருவீர்கள் என்று கேட்கும் இடத்தில் என் கேள்விக்கு வேறு பதில் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. குழந்தைகளோடு பழகும் எந்த வேலைக்கும் அயர்லாந்தில் கார்டா (அயர்லாந்துப் போலீஸ்) சரிபார்ப்பு கட்டாயம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் முன்பு இருந்த நாட்டின் போலீஸ் சான்றும் கேட்கலாம். செப்டம்பரிலேயே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். அக்டோபர் கடைசியில் மனம் வந்து கொடுத்தால் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

ஐரிஷ் மொழிச் சங்கமான குமன் கேலாக் 1907இல் பிறந்தது. 1914இல் ஐரிஷ் தேசியக் கவிஞர் தாமஸ் டேவிஸின் பிறந்த நூற்றாண்டுக்கு இவர்கள் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். பேச அழைக்கப்பட்டவர்களில் ஐரிஷ் விடுதலைக்காரர் பாட்ரிக் பியர்ஸும் கவிஞர் யேட்ஸும் இருந்தார்கள். பியர்ஸ் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பதை எதிர்த்தவர் என்பதால், பியர்ஸ் என்ற ஓர் ஆள் என் கல்லூரிக்குள் பேசக்கூடாது என்று கல்லூரித் தலைமையில் இருந்த மஹாஃபி தடுத்தார். கூட்டம் வெளியே நடந்தது. இரண்டு வருடத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி, பியர்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். இன்று கல்லூரியின் வடக்கு மதிலை ஒட்டி ஓடும் சாலையின் பெயர் பியர்ஸ் தெரு. தன் மொழி வீட்டிலும் கடையிலும் தேய்ந்துகொண்டே போவதைப் பார்த்த மக்களோடு உட்கார்ந்து அந்த மொழியின் முதல் பத்துச் சொற்களைக் கற்பது, தமிழ் பேசும் எவருக்கும் சாதாரண அனுபவமாக இருக்காது. தொடக்கநிலைக்காரர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். தேநீரோடு பேசும் சிறு வட்டம் என்பதால் முகம் மறக்காது. ஓராண்டில் மொழி வந்துவிடுமா என்றால் வராது. தெருப் பலகைகள் பேசத் தொடங்கும்.

மற்றவை, வேகமாக

எழுதுபவர்களுக்கு 1953இல் தொடங்கிய டிரினிட்டி நியூஸும் 2009இல் வந்த யூனிவர்சிட்டி டைம்ஸும் இருக்கின்றன. ஆசிரியர் கட்டுரைக்குக் காத்திருப்பார், கெடு தவறினால் தேடுவார். கேள்விக்குப் பாதிப் பதில் அது. கவிதைக்கு 1950 முதல் வரும் இக்காரஸ் இதழ். மைக்கேல் லாங்லி, டெரெக் மாஹன், ஈவன் போலண்ட் ஆகியோரின் மாணவப் பருவக் கவிதைகள் வந்த இடம். சேர்வதற்கு அதில் ஒன்றும் இல்லை, அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

1837இல் தொடங்கிய பாடகர் குழு நல்ல இடம். ஆனால் பெரிய குழுவில் ஒரு குரல் குறைவது யாருக்கும் கேட்காது. சட்டம், வணிகம், பொறியியல் என்று துறை சார்ந்த சங்கங்கள் நிறுவனங்களை அழைத்துவரும் நாட்களில் போய் வந்தால் போதும். இந்திய மாணவர் சங்கத்தில் கட்டாயம் பெயர் கொடுங்கள், தீபாவளி அன்று தனியாக அறையில் இருக்கக்கூடாது. வாராந்திர மாலையை மட்டும் அங்கே வைக்காதீர்கள். ஊர் முகங்களை வேலையிடத்திலும் வாடகை வீட்டிலும் எப்படியும் பார்க்கப்போகிறீர்கள்.

கிரிக்கெட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மைதானம் வளாகத்துக்குள்ளேயே, காலேஜ் பார்க்கில். பெக்கெட் இந்த அணிக்காக 1925, 1926 ஆண்டுகளில் நார்தாம்ப்டன்ஷருக்கு எதிராக முதல்தர ஆட்டங்கள் ஆடினார். முதல்தரக் கிரிக்கெட் ஆடிய ஒரே இலக்கிய நோபல்காரர் அவர்தான். ஆனால் பருவத்தைக் கவனியுங்கள். கிரிக்கெட் ஏப்ரலுக்குமேல்தான் வெளியே வரும். முதுகலைக்காரர்களுக்கு அது ஆய்வேடு எழுதும் கோடை. அதுவரை குளிர்காலம் முழுக்க உள்ளரங்கு வலைப்பயிற்சி. பந்து இல்லாமல் வாழ முடியாதவர்கள் தவிர மற்றவர்களுக்கு இது தனிமைக்கு மருந்தாகாது. தனிமை அடிப்பது நவம்பரில், நான்கரை மணிக்குள் இருட்டும்போது.

ஸ்டாலில் கேட்க வேண்டியது

கமிட்டித் தேர்தல்கள் பெரும்பாலும் வசந்தத்தில், அடுத்த ஆண்டுக்காக நடப்பவை. செப்டம்பரில் வந்து அடுத்த ஆகஸ்டில் கிளம்பும் முதுகலைக்காரருக்கு அதில் பயனில்லை. அதனால் ஸ்டாலில் நிற்பவரிடம் சந்தா எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள். இந்தப் பருவத்திலேயே புதியவருக்குக் கொடுக்கும் பொறுப்பு ஏதாவது உண்டா? நான் ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது கேள்விக்கு “ஒன்றும் ஆகாது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்” என்று அன்பாகச் சொல்வார்கள் பலர். அவர்களிடம் பெயர் கொடுங்கள், நல்ல மனிதர்கள். மாலையைக் கொடுக்காதீர்கள். யாராவது சற்று யோசித்து, “அப்படியென்றால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்” என்று சொன்னால் அங்கே நின்று பேசுங்கள்.

என் ஆலோசனையாக ஒரு கணக்கு: ஒரு மாலையோ காலையோ உங்களைத் தேடும் இடத்துக்கு. இன்னொரு மாலை எதற்கும் கட்டுப்படாமல் ஹிஸ்டிலோ ஃபில்லிலோ பார்வையாளராக. இளங்கலைக்காரர்கள் இதைத் திருப்பிப் போடலாம். அவர்களுக்கு நான்கு வருடம் இருக்கிறது, முதல் வருடம் அலைந்து பார்த்துவிட்டு இரண்டாம் வருடம் ஓரிடத்தில் அமரலாம்.

செப்டம்பரில் தவறாகத் தேர்ந்துவிட்டால் ஜனவரியில் ஒரு சிறிய ஃப்ரெஷர்ஸ் வாரம் மறுபடி வரும், ரீஃப்ரெஷர்ஸ் என்பார்கள். கூட்டம் இருக்காது, சாரல் இருக்கும், ஸ்டால்களும் குறைவு. நிற்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். அப்படி ஒரு ஜனவரி மதியம் நான் கடந்து போகையில்தான் படகு கிளப் ஸ்டாலில் நின்ற பெண் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, “உனக்கு நீந்தத் தெரியுமா?” என்று கேட்டாள்.